டீசல் எஞ்சின் கிளம்ப மறுப்பது ஏன்?

பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் நாளன்று கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்திற்குத் தண்ணீர் திறந்து விடுவது வழக்கம். லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொழி உழவு நடைபெறும். அந்த வாரத்தில் டிராக்டர் கிளம்பாமல் நின்றுவிட்டால் வாடகை டிராக்டரும் கிடைக்காது. மெக்கானிக்கும் எளிதில் வரமாட்டார். நாற்றோ காத்திருக்காது. குறுகிய கால நெல் இரகங்களில் 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்றை நட வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும். தூர் குறைந்தால் விளைச்சல் குறையும். பயிர் நுட்பம் கற்பிக்கும் நான் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு இதுவே காரணம்.

சென்ற முறை பள்ளத்தாக்கிற்கு வந்தபோது ஓர் உழவர், செல்ப் அடிக்கவில்லை என்று புது பேட்டரி வாங்கிப் பொருத்தியும் எஞ்சின் கிளம்பாமல் நின்றதைக் காட்டினார். எர்த் கேபிள் சேசிஸுடன் சேரும் இடத்தில் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டி முடுக்கியதும் எஞ்சின் கிளம்பிற்று. பேட்டரிக்குச் செலவழித்த பணம் வீண். எனவே எந்த உதிரிப் பாகத்தையும் வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டி மீட்டர் ஒன்று இதற்குப் போதும்.

பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவர் வகுத்த முறையே இன்றும் நம் டிராக்டரில் உள்ளது. பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற தீப்பொறிப் பிளக் இதில் கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து, வெப்பம் சுவரில் இறங்கிவிடும், டீசல் பற்றாது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சாவியைத் திருப்பினால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா?

இழுத்துச் சுற்றினால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 எனில் பாதிதான் உள்ளது. மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஆறு அறைகளையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த அறை கெட்டது. அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது.

ஓய்வில் காட்டும் அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் பற்றாதபடி ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லி அப்போது அளக்க வேண்டும். பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அதைச் சார்ஜ் செய்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் பெரும்பாலும் பேட்டரியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற விடாதீர்கள். செல்ப் மோட்டார் காய்ந்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் சுற்று மெதுவாக இருந்தால், கேபிள்களில் மின்சாரம் விரயமாகிறதா என்று பாருங்கள். செல்ப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி இதற்குப் போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும் (கிளாம்பில் அன்று), மறுமுனையைச் செல்ப் மோட்டாரின் தடித்த ஸ்டட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்யுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில்தான். அடுத்து, நெகட்டிவ் தூணுக்கும் மோட்டாரின் உடற்பகுதிக்கும் இடையே அவ்வாறே பாருங்கள். பலர் சோதிக்காமல் விடுவது இந்த எர்த் பக்கத்தைத்தான். சுத்தம் செய்யக் கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளுங்கள். இரு பக்கமும் சரியென்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு எஞ்சின் சுற்றாவிட்டால், பேட்டரியையும் கேபிளையும் மேற்சொன்னவாறு பார்த்த பிறகு, சாலினாய்டின் உட்தொடுப்புகளையும் பிரஷையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒலியே இல்லையென்றால், சாவி திருப்பும்போது சாலினாய்டின் சிறு டெர்மினலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில் பியூஸ், சாவி சுவிட்சு, கிளட்ச் அல்லது நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சு ஆகியவற்றில் ஒன்று காரணம்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. கீழே நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் செல்ப் மோட்டாரின் டெர்மினல்களை இணைத்துக் கிளப்பும் பழக்கம் பலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால் பாதுகாப்பு சுவிட்சு வேலை செய்யாது. கியரில் இருந்தால் டிராக்டர் உடனே நகரும். நிற்பவரோ பின்சக்கரத்திற்கு முன்னால் இருப்பார். இதனால் உயிர் போனவர்கள் உண்டு. தொழி உழவு ஒரு நாள் நின்றாலும் பரவாயில்லை, இதைச் செய்யாதீர்கள்.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையானால் புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். காற்று வடிகட்டியையும் கம்ப்ரஷனையும் கவனிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஸ்டாப் குமிழ் இழுத்தபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (சிரிக்க வேண்டாம், எனக்கே நேர்ந்தது). பிறகு வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வந்தவுடன் முடுக்குங்கள். நாசிலிலிருந்து பீறிடும் டீசலுக்கு நேரே கையை நீட்டக்கூடாது. அது தோலைத் துளைத்தால் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். உடனே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காமன் ரயில் முறையில் இயங்கும் புதிய டிராக்டர்களில் உயர் அழுத்த பைப் நட்டுகளைத் தொடவே கூடாது.

கைப்பிடியால் சுற்றும் பம்பு செட் எஞ்சினில் பேட்டரித் தொல்லை இல்லை. டெகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிச் சுற்றும்போது நாசில் 'கிறீச்' என்று ஒலித்தால் டீசல் போகிறது. லீவரை விட்டு, பிளைவீலைக் கையால் மெல்லத் தள்ளினால் அது எதிர்த்துத் திரும்பி வர வேண்டும். தடையின்றிச் சுழன்றால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ கசிகிறது. கைப்பிடியைப் பற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை தானே விலகிவிடும்.