ஒலிபெருக்கியின் ஊளை: காரணமும் தடுக்கும் முறையும்

சிற்றூர்ப் பள்ளி மண்டபம் ஒன்றில் நால்வர் கொண்ட இசைக்குழு மேடையேறுகிறது. அது வங்காளத்துப் பாவுல் பாடகர் குழு என்று கொள்வோம். ஒருவர் பாடுகிறார், ஏக்தாராவும் தோதாராவும் உடன் ஒலிக்கின்றன, சிறு முரசு ஒன்று தாளம் காக்கிறது. பின்வரிசையினர் கேட்கவில்லை என்று குரல் எழுப்பியதும், கருவியைக் கையாள்பவர் ஒலித்திருகை உயர்த்துகிறார். அக்கணமே செவியைத் துளைக்கும் ஊளை எழுந்து பாட்டை விழுங்கிவிடுகிறது. அவர் அஞ்சித் திருகைத் தாழ்த்த, ஊளை நிற்கிறது. பின்வரிசைக்குப் பாட்டும் நின்றுவிடுகிறது. கருவி பழுதுற்றது என்று எண்ணி வேறொன்றை வரவழைப்பாரும் உளர். குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை. அது வைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.

ஒலிவாங்கி, பாடகரின் குரலை மட்டுமன்றி ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியையும் ஏற்கிறது. அவ்வொலி மீண்டும் பெருக்கப்பட்டு வெளிவந்து, மீண்டும் ஒலிவாங்கியை அடைகிறது. இவ்வாறு சுற்றிவரும் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்தால் கேடில்லை. தேயாமல் வளருமாயின் ஊளை பிறக்கும். டென்மார்க் நாட்டுப் பௌதிக அறிஞர் சோரன் லார்சன் பெயரால் இது லார்சன் விளைவு என்றும் வழங்கும். வளர்ச்சியின் வேகம் வியப்புக்குரியது. ஒலிபெருக்கி ஒலிவாங்கியிலிருந்து மூன்றரை மீட்டர் தொலைவில் இருப்பின், ஒலி அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ வினாடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். சுற்று ஒன்றுக்கு 1 டெசிபெல் மட்டுமே கூடினாலும், அரை வினாடிக்குள் 50 டெசிபெல் கூடிவிடும். ஊளை கேட்ட பின்னர்த் திருகைத் தேடுவது காலங்கடந்த செயலாவது இதனாலேயே.

எல்லாச் சுரங்களும் ஒருங்கே ஊளையிடுவதில்லை. சுற்றி வந்த அலை, புறப்படும் அலையுடன் முகட்டோடு முகடு பொருந்தினால்தான் வலுப்பெறும். மேற்கூறிய தொலைவில் அவ்வாறு பொருந்தும் அதிர்வெண்கள் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. அவற்றுள் எதனை மண்டபமும் கருவிகளும் மிகுதியாக ஆதரிக்கின்றனவோ அதுவே முதலில் கிளம்பும். தோதாராவின் தோல் போர்த்திய குடுவை போன்ற பகுதிகளும் தம் இயல்பான அதிர்வெண்ணில் உடன் அதிர்ந்து இதற்குத் துணைபோகும்.

பரிகாரங்களுள் முதலாவது செலவற்றது: பாடகர் ஒலிவாங்கியை நெருங்குதல். தொலைவு பாதியானால் நேரடி ஒலி 6 டெசிபெல் உயரும். 20 சென்டிமீட்டரில் பாடியவர் 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபெல் ஆதாயம். அந்த அளவிற்குத் திருகைத் தாழ்த்தலாம். பின்வரிசை எதையும் இழக்காது.

இரண்டாவது, ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னால், மக்களை நோக்கி, ஆள்தலைக்கு மேலான உயரத்தில் நிறுத்துதல். மேடையின் பின்சுவரில், அழகு கருதியோ கம்பி போதாமையாலோ, அவற்றை மாட்டும் வழக்கம் ஊளைக்கு விடுக்கும் அழைப்பேயாகும்.

ஒலிவாங்கியின் திசையியல்பையும் அறிதல் வேண்டும். இதயவடிவ ஏற்புடைய ஒலிவாங்கி நேர் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக ஏற்கும். ஆகவே பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான மேடை ஒலிபெருக்கியை அதன் நேர் பின்னால் வைக்கலாம். இதனினும் குறுகிய ஏற்புடைய வகைகளில் செவிட்டுத் திசை பின்பக்கவாட்டில், முன்திசையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 126 பாகையில் அமையும். அவற்றிற்கு நேர் பின்னிடம் ஏற்றதன்று. ஊளை எழும்போது பலர் பதற்றத்தில் ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்துகின்றனர். இதனால் அதன் பின்புறத் துளைகள் அடைபட்டு, அது எல்லாத் திசை ஒலிகளையும் ஏற்பதாகி, ஊளை மிகும்.

திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் ஊளையின்றிப் பெறத்தக்க பெருக்கம் 3 டெசிபெல் குறையும். நான்கு ஒலிவாங்கிகள் எனில் இழப்பு 6 டெசிபெல். சிறு மண்டபத்தில் முரசுக்கு ஒலிவாங்கி தேவையே இல்லை; அது தானே போதிய உரத்துடன் ஒலிக்கும். ஏக்தாராவை மீட்டுபவர் பாடகரே எனின், ஒரே ஒலிவாங்கி இரண்டுக்கும் பயன்படலாம்.

நிகழ்ச்சிக்கு முன் சோதனை இன்றியமையாதது. ஒவ்வோர் ஒலிவாங்கியாகத் திறந்து, மெல்லிய ரீங்காரம் தொடங்கும் வரை திருகைப் படிப்படியாக உயர்த்துக. அந்தச் சுரத்தை மட்டும் சமன்படுத்தும் கருவியின் குறுகிய பட்டையில் சிறிது தாழ்த்துக. மூன்று நான்கு இடங்களுக்கு மேல் தாழ்த்தினால் குரல் உயிரற்றுப் போகும். பின்னர், ரீங்கார எல்லைக்கு 6 டெசிபெல் கீழே நிறுத்துக. எல்லையை ஒட்டி நின்றால் ஊளை எழாவிடினும், குடத்திற்குள் பாடுவது போன்ற வால் ஒன்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒட்டிக்கொள்ளும். வெற்று மண்டபம் ஒலியை மிகுதியாகத் திருப்புவதால், மக்கள் நிறைந்தபின் நிலைமை பெரும்பாலும் சற்றுத் தணியும். பின்சுவரில் தடித்த ஜமுக்காளங்களைத் தொங்கவிடுவதும் கீச்சொலிகளை அடக்கும்.

ஒலியின் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் நகர்த்திச் சுற்றைக் குலைக்கும் முறையை மான்பிரெட் ஷ்ரோடர் 1960களில் ஆராய்ந்து விளக்கினார். சொற்பொழிவுக்கு அது நன்று. சுருதி பிடித்துப் பாடும் நம் இசைக்கோ உகந்ததன்று. ஏக்தாராவின் நேரொலியும் நகர்த்தப்பட்ட ஒலியும் மோதி அலைவு உண்டாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சிறு ஒலிபெருக்கிக்கு ஒரு மீட்டர் முன்னால் ஒலிவாங்கியை வைத்து, மெலிதாக ஊளை எழும் அளவே திருகைத் திறக்கவும். மாணவர் ஒலிபெருக்கிக்கு அருகில் செவி வைத்தல் கூடாது. பின் ஒலிவாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் சுரம் மாறி, சில இடங்களில் வேறொரு சுரத்திற்குத் தாவும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் நகர்வே முகட்டைப் பள்ளத்தோடு சேர்த்துவிடும். தாவும் இடங்களை மாணவர் அளவுநாடாவால் குறித்துக்கொள்ளட்டும்.