பெறுமதியும் மதிப்பும்

பெறுமதி, மதிப்பு என்னும் இரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. எனினும் இவற்றிடையே வேறுபாடு உண்டு. பெறுமதி சந்தையிலே தீர்மானிக்கப்படுவது. மதிப்பு மனத்திலே தோன்றி நடத்தையிலே வெளிப்படுவது.

இதற்குத் திருக்கோணேஸ்வரம் தக்க சான்றாகும். 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் அவ்வாலயத்தை இடித்தனர். அக்காலத்தில் அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணிலே புதைத்துக் காத்தனர் எனக் கருதப்படுகின்றது. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. தொல்பொருளாகப் பார்த்தால் அவற்றின் பெறுமதி பெரிது. ஆயினும் மக்கள் விலை பேசவில்லை. மீண்டும் ஆலயத்திலே எழுந்தருளச் செய்து வழிபட்டனர்.

கிராமத்து ஆலயங்களின் பழைய குத்துவிளக்கும் அத்தகையதே. அதனை நிறுத்து விற்றால் பித்தளையின் பெறுமதி கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக அதில் எண்ணெய் வார்த்தவர்களின் பக்தியை எந்தத் தராசும் நிறுக்காது. அதனைத் துலக்கி ஏற்றுவதே மதிப்பு.