காற்று வேண்டும் எருக்குவியலும் காற்று ஆகாத எரிவாயுக் கலனும்

காடாம்புலியூர்ப் பகுதி முந்திரி, பலா விவசாயிகளுக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி புதிதன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் விழுந்த தாவரங்கள் நீருக்கடியில் காற்றின்றிப் புதைந்தன. அதனால் முழுவதும் மட்காமல் எஞ்சியதே அந்த நிலக்கரி. உங்கள் எருக்குழியில் மழைநீர் தேங்கும்போதும் மட்குதல் இவ்வாறே தடைப்படுகிறது.

பாக்டீரியா ஆற்றல் பெறும் விதம்

சருகிலும் சாணத்திலும் உள்ள நார்ப்பொருளைப் பாக்டீரியாக்கள் சர்க்கரையாக உடைத்து உண்கின்றன. பிராண வாயு இருந்தால் சர்க்கரை கரியமில வாயுவாகவும் நீராகவும் முற்றிலும் சிதையும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஏ.டி.பி. என்பது உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் பொருள்.

பிராண வாயு இல்லையெனில் பல பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைக்கின்றன. அப்போது கிடைப்பது பெரும்பாலும் 2 ஏ.டி.பி. மட்டுமே. எனவே மட்குதல் மந்தமாகும், அமிலங்கள் சேரும். வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதனால் தழைச்சத்து வாயுவாக மாறி வீணாகிறது. சல்பேட்டைக் கொண்டு சுவாசிப்பவை அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்குகின்றன.

எரு தயாரிக்க

1. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் குழியைத் தவிர்த்து, மேட்டில் குவியல் அமையுங்கள்.

2. முந்திரிச் சருகையும் சாணத்தையும் மாறி மாறிப் பரப்புங்கள்.

3. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும். நீர் ஒழுகக் கூடாது.

4. 15 நாட்களுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள்.

காற்றோட்டம் சரியாக இருந்தால் குவியலின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். களை விதைகள் பெரும்பாலும் மடியும். அரைகுறையாக மட்கிய எருவைப் பலாக் கன்றுகளுக்கு இடாதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் கன்றுகள் வெளிறும்.

சாண எரிவாயு

காற்றில்லாத நிலையையும் பயன்படுத்தலாம். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குப் பிராண வாயு நஞ்சு. குளுக்கோஸ் இம்முறையில் சிதையும்போது அதன் ஆற்றலில் நூற்றுக்கு 85 பங்கு மீத்தேனிலேயே தங்குகிறது. அதுவே உங்கள் அடுப்பில் எரிகிறது. நாள்தோறும் 25 கிலோ சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து இட்டால் சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். வெளிவரும் சாணக் கரைசல் நல்ல எரு. கலனுக்குள் ஆள் இறங்கவே கூடாது. உள்ளிருக்கும் வாயு உயிரைப் பறிக்கும்.

குவியலுக்குக் காற்று விடுங்கள். கலனுக்குக் காற்றை அடைத்து விடுங்கள். இரண்டிலும் பயன் உங்களுக்கே.