கையடக்கப் படச்சுவடி

சுவடி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம் உள்ளத்தில் எழுவன பனையோலை ஏடுகளே. ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டிய அவ்வேடுகளிலேயே நம் முன்னோர் தம் புலமைச் செல்வத்தைப் பொதிந்து வைத்தனர். ஓலைக்கு நீட்சி உண்டு, மடிப்பு இல்லை. மடித்தால் முறியும். தாளுக்கோ மடிப்பே உயிர். ஒரு முழ நீளத் தாளும் முறையாக மடிக்கப்பெற்றால் உள்ளங்கையில் அடங்கும். விரித்தால் மீண்டும் முழு நீளமாகும். தாளின் இவ்வியல்பைக் கொண்டு, வீட்டு நிழற்படங்களை வைத்துக் காத்தற்குரிய சிறு படச்சுவடி ஒன்றைக் கையால் செய்யும் முறையினை நம் கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆல்பம் எனப் பலரும் வழங்குவதனையே ஈண்டுப் படச்சுவடி என்கின்றேன்.

இஃது ஓய்வுநேர விளையாட்டன்றோ எனச் சிலர் வினவலாம். ஓய்வுநேரத்தில் செய்யத்தக்கதே, ஆயினும் விளையாட்டு அன்று. கடலூர்க் கரையில் வாழ்வார்க்கு இஃது இன்றியமையாத வீட்டுப் பொருள்களுள் ஒன்று என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை முதற்கண் கூறுவேன்.

ஏடுகள் கற்பித்த பாடம்

தேவாரத் திருப்பதிகங்கள் எழுதிய ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையிலே பூட்டிவைக்கப்பெற்றிருந்தன என்பதும், சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபோது அவற்றைப் புற்று மூடியிருந்தது என்பதும், செல்லரித்தன போக எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. எத்துணைப் பாடல்கள் மறைந்தன என்று எண்ணும் தமிழ் மாணவன் எவனும் வருந்தாதிரான். ஆயின் வருத்தத்தோடு ஒழியாமல் அதிலுள்ள பாடத்தையும் நாம் கற்றல் வேண்டும். அவ்வேடுகளைப் பகைவர் எரித்திலர், கள்வர் கவர்ந்திலர். எடுத்துப் பார்ப்பார் இன்மையின் அவை அழிந்தன. பூட்டி வைத்தல் காத்தல் ஆகாது; எடுத்துப் புரட்டுதலே காத்தலாம்.

மற்றொரு பாடமும் உண்டு. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராய் விளங்கிய டாக்டர் உ. வே. சாமிநாதையர், பழைய நூல்களைப் பதிப்பித்தற்பொருட்டு ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடியவர். ஓரூரில் சிதைந்த அடி மற்றோர் ஊரின் பிரதியில் முழுமையாய்க் கிடைத்தல் உண்டு. ஒரு நூலுக்குப் பல பிரதிகள் பல ஊர்களில் இருந்தமையாலேயே இன்று அதனைப் படிக்கும் பேறு நமக்கு வாய்த்தது. ஒரே பிரதியாய் ஒரே இடத்தில் இருப்பது எதுவாயினும் அதன் வாழ்வு ஊசலாட்டமே.

கடலூரின் நிலை

இவ்விரு பாடங்களையும் கடலூர்க் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், கிறிஸ்துமஸ் விண்மீன்கள் வீட்டு வாயில்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த காலை வேளையில், ஆழிப்பேரலை புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் மாண்டனர். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் பெருவெள்ளம் வந்தது. வீடு மீண்டும் கட்டப்பெறும். வலையும் படகும் மீண்டும் வாங்கப்பெறும். இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்டும் ஒரே படம் நீரிற் போயிற்றெனின் அதனை யார் மீட்டுத் தருவார்?

பெரிய திருமண ஆல்பங்கள் பலகை போற் கனத்தவை. அலமாரியின் மேலடுக்கில் கிடப்பவை. நீர் வரும்போது குழந்தையைத் தூக்குவார்களா, ஆல்பத்தைத் தூக்குவார்களா? குடும்ப அட்டை, நிலப்பத்திரம் ஆகியவற்றோடு ஒரே பையில் அடங்கும் அளவிற் படச்சுவடி இருந்தால் அதுவும் உடன் வரும். சிறுமை ஈண்டுக் குறையன்று. அதுவே அதன் சிறப்பு. எல்லாப் படங்களும் கைப்பேசியில் உள்ளனவே என்பார்க்கு ஒன்று சொல்வேன்: கைப்பேசி நீரில் விழும், மூன்றாண்டிற் பழையதாகும், அதன் கடவுச்சொல்லை மறந்தால் திறவாது. பாட்டிமார் தாமே எடுத்து மடியில் வைத்துப் பார்ப்பதற்கும் அது பொருந்தாது.

தாளின் இயல்பு

செய்முறைக்கு முன் செய்பொருளை அறிதல் வேண்டும். நம் பகுதிக்கும் தாளுக்கும் உள்ள உறவு பழமையானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714 இலும் 1715 இலும் அச்சாயிற்று. ஐரோப்பாவிலிருந்து வந்த தாள் போதாமையால் எழுத்துக்களைச் சிறியனவாய் வார்த்தனர்; அண்மையிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் நிறுவினர். தஞ்சையிற் பிறந்த கிறிஸ்தவராகிய ஜே. சி. குமரப்பா, 1934 இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வழியே கைத்தாள் தொழிலை வளர்த்தார். கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் 1959 இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் தொழிற்சாலை, பூவிதழ் பதித்த தாளுக்கும் வண்ண அலை படிந்த தாளுக்கும் பெயர் பெற்றது.

பருத்திக் கந்தையால் ஆன கைத்தாளே நம் வேலைக்குச் சிறந்தது. செய்தித்தாள் சில திங்களில் பழுப்பதை யாவரும் கண்டிருப்பர். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாறுபட்டு, பழுப்பேறிப் புளிப்புத் தன்மையுள்ள பொருள்களை உண்டாக்கும். அது தாளையும் அதன்மேல் வைத்த படத்தையும் கெடுக்கும். பருத்தியில் இக்குறை இல்லை.

ஆலைத்தாளில் இழைகள் ஒரு திசை நோக்கியே பெரும்பாலும் கிடக்கும். இதனை நார்ப்போக்கு என்போம். தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாய் வளையும், மறுதிசையில் எதிர்க்கும். எளிதாய் வளையும்போது உண்டாகும் மடிகோடே நார்ப்போக்கு. அதனை ஒட்டி மடித்தால் மடிப்பு நேராய் நிற்கும்; குறுக்கே மடித்தால் வெடித்துச் சிம்பெழும். கைத்தாளில் இழைகள் பல திசையிலும் பின்னிக் கிடத்தலின் இவ்விடர் மிகக் குறைவு.

ஈரம் பட்டால் தாள் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இதனையும் மறவாதிருக்க. பின்வரும் வேலை முழுவதும் இவ்வொரு விதியின்மேல் நிற்கின்றது.

செய்முறை

22 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள கைத்தாள் ஒன்று, கனத்த அட்டை, புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் காலிகோத் துணி அல்லது துவைத்த பழம்பருத்திச் சேலைத் துண்டு, அடிக்கோல், கூரிய கத்தி, கத்தரிக்கோல், மைதா மாவு ஆகியவை போதும்.

தாளில் 4 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் உள்ள பட்டையொன்றை நறுக்குக. ஒரு தாளில் ஐந்து பட்டைகள் கிடைக்கும். எஞ்சும் துண்டுகளை எறியற்க. பட்டையை நான்கு நான்கு அங்குலமாக அளந்து ஆறு கோடுகள் குறித்து, மழுங்கிய கரண்டிக் காம்பால் அக்கோடுகளை அழுத்திப் பள்ளம் செய்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விசிறி போல் மடிக்க. ஏழு கட்டங்கள் அமையும். ஏழுக்கும் இருபுறம் ஆகப் பதினான்கு முகங்கள். அவற்றுள் முதற்கட்டத்தின் வெளிமுகமும் கடைசிக் கட்டத்தின் வெளிமுகமும் அட்டைகளில் ஒட்டிவிடும். படம் வைத்தற்கு எஞ்சுவன பன்னிரண்டு.

மைதா ஒரு பங்குக்கு நீர் ஐந்து பங்கு சேர்த்துக் கட்டியின்றிக் கரைத்துச் சிறு தீயில் கிளறுக. வெண்மை மாறிக் கண்ணாடி போல் மினுங்கும்போது இறக்கி ஆறவிடுக. பூச்சி அரியாமைப் பொருட்டுப் பழைய கட்டுவேலைக்காரர் இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, தாளுக்கும் நன்றன்று. வேண்டும் அளவே அன்றன்று காய்ச்சிக்கொள்ளுதல் நல்லது.

அட்டைகள் இரண்டையும் 4¼ அங்குலச் சதுரமாக நறுக்கி, 5¾ அங்குலச் சதுரத் துணியின் நடுவில் ஒட்டுக. துணியின் நான்கு மூலைகளையும் அட்டைக்கு மிக நெருங்காமல் சாய்வாக வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து ஒட்டுக. துணி ஒட்டிய அட்டை உலரும்போது வெளிப்புறமாக வளைதலைக் காண்பீர்கள். அஞ்சற்க. துணி சுருங்கி ஒருபுறம் இழுப்பதே காரணம். உட்புறத்தில் முதற்கட்டத்தை ஒட்டியவுடன் அத்தாளும் உலர்ந்து தன் பக்கம் இழுக்கும். இரண்டும் சமன்பட்டு அட்டை நேராகும். அவ்வாறே கடைசிக் கட்டத்தை மற்றோர் அட்டையில் ஒட்டுக. ஒட்டிய கட்டங்களுக்கும் அடுத்தவற்றுக்கும் இடையே மெழுகுத்தாள் வைத்து, கனத்த அகராதி ஒன்றன்கீழ் ஓரிரவு அழுத்துக. மழைக்காலமாயின் இரண்டு நாள் வேண்டும். அவசரப்பட்டு எடுத்த சுவடி பின்னர் ஒருகாலும் நேராகாது.

படங்களைப் பசையால் ஒட்டற்க, மூலையுறைகளில் செருகுக. எஞ்சிய துண்டுகளிலிருந்து 1½ அங்குல நீளமும் ¾ அங்குல அகலமும் உள்ள சிறு துண்டுகளை வெட்டி, மேல்விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து இரு புறத்தையும் கீழ்நோக்கிப் பின்னே மடித்தால் முக்கோண உறை கிடைக்கும். மடித்த பின்புறத்தை மட்டும் பசையிட்டுப் பக்கத்தில் ஒட்டுக. 3 அங்குலச் சதுரப் படம் ஒன்றற்கு நான்கு உறைகள். நான்கு புறமும் அரை அங்குல இடம் எஞ்சும். இம்முறையிற் படத்தின்மேல் பசை படாது. வேண்டும்போது எடுத்துப் பிரதி செய்யலாம். ஒட்டும் பசை தடவிய பக்கங்களை மென்தகட்டால் மூடும் கடை ஆல்பங்கள் பலவற்றில், ஆண்டுகள் சென்றபின் படத்தைக் கிழியாமல் எடுத்தல் அரிதாகின்றது.

அழகு செய்தல்

அலங்காரம் படத்தை மறைத்தலாகாது. பூவிதழ்த் தாளை மெல்லிய பட்டையாக வெட்டிப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டலாம். கோலத்தின் புள்ளிகளை ஊசியாற் குத்தி வரையலாம். மினுக்குத் தூளும் உலோகப் பூக்களும் படத்தின் முகத்தைக் கீறும், அவற்றை விலக்குக.

எஞ்சிய பசையைக் கொண்டு கிறிஸ்துமஸ் விண்மீனும் செய்யலாம். மூங்கிற் சிம்புகள் ஐந்து ஐந்தாக இரண்டு விண்மீன் சட்டங்கள் கட்டி, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உட்புறச் சந்திகள் ஐந்திலும் குறுஞ்சிம்புகளை முட்டுக் கொடுத்தால் நடு உப்பிய சட்டம் அமையும். அதன்மேல் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி, பசை உலர்ந்தபின் நீரை மிக மெல்லிய துளிகளாகத் தெளித்தால், தாள் முதலில் தொய்ந்து பின் உலரும்போது சுருங்கிப் பறைத்தோல் போல் விறைக்கும். அட்டையை வளைத்த அதே இயல்பு இங்கே அழகுக்குத் துணையாகின்றது.

காத்தல்

படங்களைச் செருகுமுன் ஒவ்வொன்றன் இடத்திலும் மென்பென்சிலால் மூன்றினை எழுதுக: இருப்பவர் பெயர், இடம், ஆண்டு. உரையில்லாத செய்யுள் போன்றது பெயரில்லாத படம். யான் என் பாட்டியாரோடு அமர்ந்து இதனைச் செய்தபோது, பன்னிரண்டு படங்களில் இரண்டில் இருந்தவர் இன்னார் என்பதை அவர் ஒருவரே அறிவார் எனக் கண்டேன். அவர் சொல்ல யான் எழுதினேன். இத்தகைய முதியோர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உளர். அவர்கள் சொல்லும் நாள்கள் எண்ணத்தக்கனவே.

ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு செய்க. பழைய படங்களுக்குப் பிரதி எடுத்து இரண்டிலும் வைத்து, ஒன்றைக் கரையிலுள்ள வீட்டிலும் மற்றொன்றைச் சிதம்பரம் போன்று உள்ளே தள்ளியுள்ள ஊரில் வாழும் உறவினரிடமும் கொடுக்க. ஒன்று சிதைந்தால் மற்றொன்று நிற்கும் என்பது ஏடுகள் நமக்குக் கற்பித்ததன்றோ! சுவடியை எப்போதும் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தலும் கூடாது. உள்ளே தங்கிய ஈரம் பூஞ்சையை வளர்க்கும். புயலறிவிப்பு வரும்போது மட்டும் அதனைப் பையிலிட்டு வாயை இறுகக் கட்டுக. மற்றை நாள்களில் துணியுறை போதும். திங்கட்கொருமுறை எடுத்துப் புரட்டினால் வெள்ளிமீன் பூச்சிக்கு அங்கே குடியிருப்பு இராது.

இத்தனைக்கும் பின் நனைந்துவிட்டால் யாது செய்வது? படத்தின் முகத்திலுள்ள ஜெலட்டின் பூச்சு நீரில் ஊறி இளகும். ஒன்றோடொன்று ஒட்டியவாறே உலர்ந்துவிட்டால் பிரிக்க இயலாது. ஆதலின் ஈரமாக இருக்கும்போதே பிரித்து, முகத்தைத் தேய்க்காமல் தூய குளிர்நீரில் அலசி, முகம் மேலாகத் துணிமேற் பரப்பி நிழலில் உலர்த்துக. மைப்பொறியில் அச்சிட்ட படமாயின் நீரில் மை கலையும். அதனை அலசாமல் உலர்த்துதல் வேண்டும். 2011 மார்ச்சு 11 ஆம் நாள் ஜப்பானில் ஆழிப்பேரலை வீசியபின், தொண்டர்கள் சேற்றிற் கிடந்த படங்களைப் பொறுக்கி, கழுவி உலர்த்தி, உரியவரைத் தேடி ஒப்படைத்தனர். எல்லாம் இழந்தவர்க்கு ஒரு முகத்தைத் திருப்பிக் கொடுத்தலும் அறமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

முடிவுரை

நண்பர்களே, ஒரு பட்டைத் தாள், ஒரு பிடி மாவு, இரண்டு அட்டைத் துண்டுகள்: இவற்றின் விலை சிறிது, இவற்றால் ஆகும் பயன் பெரிது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முன் வரும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, வீட்டிலுள்ள முதியோரை அருகிருத்தி, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதி, இச்சுவடியைச் செய்து முடியுங்கள். பின் அதனைப் பெட்டியின் அடியிற் பூட்டாமல், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.