கழன்றால் என்ன ஆகும்?

என் முதல் வால்வு ஆம்ப்ளிஃபயர் போர்டு செத்தது சால்டரிங் அயர்ன் சூட்டில்தான். ஃபெண்டர் நிறுவனம் 1950களில் விற்ற ‘சாம்ப்’ என்ற குட்டி கிதார் ஆம்ப்ளிஃபயரின் 5எஃப்1 சர்க்யூட்டை ஒட்டி நானே வரைந்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து எட்ச் செய்த போர்டு. முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரைத் தள்ள ஒரு 6வி6, ரெக்டிஃபயருக்கு ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு, ஐந்து வாட் சத்தம். ஓட ஆரம்பித்ததும் கை சும்மா இருக்கவில்லை. இந்த கெப்பாசிட்டரை மாற்றினால் எப்படி இருக்கும், அந்த ரெசிஸ்டரைக் குறைத்தால் என்ன என்று ஒரே இடத்தில் நாலு தடவை ஈயத்தை உருக்கி எடுத்தேன். ஐந்தாவது தடவை கெப்பாசிட்டர் காலோடு செம்புத் தடமும் தோல் உரிந்த மாதிரி கையோடு வந்துவிட்டது.

அந்தப் போர்டைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் போனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் செய்கிறவர். கெப்பாசிட்டரை இன்றைக்கும் ‘கண்டென்சர்’ என்பார். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “ஏன் தம்பி, வால்வே பேஸ்ல சொருகித்தானே நிக்குது? மாத்திப் பாக்கற பொருளுக்கும் ஒரு பேஸ் வெச்சா என்ன?” என்றார்.

எளிமையான யோசனைதான். தேய்ந்து போகும் என்பதால் வால்வுக்குப் பிறந்தது முதல் பேஸ் உண்டு. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒரு தடவை ஈயம் வைத்தால் பல வருஷம் அசையாது என்பதால் அவற்றுக்கு இல்லை. ஆனால் பரிசோதனை செய்கிறவன் மேஜையில் நிலைமை தலைகீழ். வால்வு அங்கேயே இருக்கும், கெப்பாசிட்டர்தான் நாளுக்கு நாலு தடவை மாறும்.

உடனே போய் பெண் பெர்க் ஸ்ட்ரிப் வாங்கினேன். முதல் தப்பு அது. அதற்குள்ளே இருப்பது வளைந்த தகடு. சதுரப் பின்னைக் கவ்வ உண்டானது. கெப்பாசிட்டரின் உருண்டைக் கால் அதில் ஆடிக்கொண்டே இருக்கும். கிதாரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் ஸ்பீக்கரில் கரகர. பிறகுதான் ரவுண்ட் பின் ஐ.சி. பேஸ் பட்டைக்கு வந்தேன். கடைந்து செய்த குழாயும் உள்ளே நாலு விரல் மாதிரியான கவ்வியும் கொண்டது. தங்க முலாம் பூசியது கொஞ்சம் விலை கூடுதல். கடல் காற்றில் வெள்ளி மோதிரமே கறுத்துப்போகிற சென்னையில் அந்தக் காசைக் கொடுத்துவிடலாம்.

ரவுண்ட் பின்னுக்கும் ஒரு குணம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள காலைத்தான் அது விரும்பும். கால் வாட் ரெசிஸ்டர் சுகமாக உட்காரும். 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டரின் கால் 0.8 மில்லிமீட்டர் இருக்கும். பலவந்தமாக அழுத்தினால் போய்விடும், ஆனால் கவ்வி அகண்டுவிடும். அடுத்த நாள் மெல்லிய காலைச் சொருகினால் பிடிப்பே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரமும் ஒரு கெட்ட பேஸும் செலவாயின. இப்போது தடித்த கால் உள்ள கெப்பாசிட்டர் ஒவ்வொன்றுக்கும் ரவுண்ட் பின் பட்டையின் ஆண் முனையை ஈயம் வைத்துக் ‘காலணி’ போட்டுவிடுகிறேன். கெப்பாசிட்டர் எதுவானாலும் பேஸுக்கு எப்போதும் ஒரே தடிமன். முன்பு எங்கோ ஈயம் வைத்துக் கழற்றிய காலை அப்படியே சொருகக் கூடாது என்பதும் இதிலேயே அடக்கம். காய்ந்த ஈயத் துளி குழாய்க்குள் உதிர்ந்தால் அதை எடுக்க ஊசியோடு போராட வேண்டும்.

இன்னொன்று, வோல்டேஜ். இந்த பேஸ்கள் ஐந்து வோல்ட் ஐ.சி.க்காகப் பிறந்தவை. என் போர்டில் 12ஏஎக்ஸ்7 பிளேட்டில் 160 வோல்ட், 6வி6 பிளேட்டில் 300க்கு மேல். பட்டையில் அடுத்தடுத்த இரண்டு பின்னுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர்தான். அதில் ஃப்ளக்ஸ் பிசுக்கும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் தனக்கு வழி பார்த்துக்கொள்ளும். பிளேட் பக்கம் ஒரு தனிப் பின், கிரிட் பக்கம் தள்ளி ஒரு தனிப் பின் என்று வெட்டி வைப்பேன். ஒரே துண்டாக வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் இருக்கிற பின்களைப் பிடுங்கிவிடுவேன்.

இவ்வளவு பக்குவம் வந்த பிறகுதான் பெரிய தப்பைச் செய்தேன். பேஸ் வைக்கும் ருசி கண்டுவிட்டதால் போர்டு முழுக்க வைத்துவிட்டேன். 6வி6 கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கும் ஒரு பேஸ். ஒரு ராத்திரி ஒரு மணி நேரம் வாசித்திருப்பேன். சத்தம் மெல்ல மெல்லக் கலங்கியது. ஸ்பீக்கர்தான் ஏதோ என்று நினைத்தேன். தற்செயலாக அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினால், 6வி6 உள்ளே பிளேட் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் சூட்டிலும் அதிர்விலும் மேலே ஏறி வந்திருந்தது. கிரிட்டுக்குத் தரை இல்லாமல் போனால் அது அந்தரத்தில் மிதக்கும், கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி வால்வு மின்னோட்டத்தை அள்ள ஆரம்பிக்கும். 12 வாட் தாங்குகிற பிளேட் அது. நான் போட்டிருந்த ஒரு ஆம்பியர் பீஸ் அசையவே இல்லை; 300 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் கூடினால் 30 வாட் கூடுதல் சூடு. ஆனால் 230 வோல்ட் லைனில் அது சுமார் 0.13 ஆம்பியர்தான். பீஸுக்கு அது தெரியவே தெரியாது. வால்வு போனது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து பேஸ் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்விதான்: இது கழன்றால் என்ன ஆகும்?

12ஏஎக்ஸ்7 பிளேட்டிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் கப்ளிங் கெப்பாசிட்டர் கழன்றால் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். முதல் நிலைக் கேத்தோடு பைபாஸ் கழன்றால் சத்தம் குறையும். பேஸ் வைக்கலாம். 6வி6 கேத்தோடில் இருக்கும் 470 ஓம் கழன்றால்? வால்வு அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் கேத்தோடு மேலே ஏறிக்கொண்டே போய், பக்கத்தில் 25 வோல்ட்டுக்காக வைத்த பைபாஸ் கெப்பாசிட்டர் தலையில் விடியும். ஈயம்தான். ஃபில்டர் கெப்பாசிட்டர், ஸ்கிரீன் ரெசிஸ்டர், கிரிட் ரெசிஸ்டர் எதற்கும் பேஸ் கிடையாது. நேரடியாக 300 வோல்ட் ஓடுகிற எந்தப் பொருளும் கழன்று சேஸிஸில் விழக் கூடாது.

பேஸ் வைத்ததில் உண்மையிலேயே லாபம் கண்ட இடம் முதல் நிலைக் கேத்தோடுதான். 1.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சத்தம். பெரிய கெப்பாசிட்டர் போட்டால் கெயின் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 25 மைக்ரோ ஃபாரட் போட்டால் கணக்குப்படி 4 ஹெர்ட்ஸிலிருந்தே தூக்கிவிடும், கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதால் எல்லாமே கொழுத்துக் கேட்கும். 0.68 போட்டால் அந்தக் கணக்கு 156 ஹெர்ட்ஸ். அடித் தந்தி அடக்கமாக இருக்க, மேல் தந்திகள் முன்னால் வரும். சின்ன ஸ்பீக்கருக்கு எனக்குப் பிடித்தது 1 மைக்ரோ ஃபாரட். இதை ஈயத்தை உருக்கி உருக்கிக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

கெப்பாசிட்டரின் கம்பெனியை மாற்றிச் சுவை தேடுவது வேறு கதை. 0.022 என்று எழுதிய மூன்று ரகம் வாங்கி, ஒன்றில் தேன் ஒழுகுகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மீட்டரில் அளந்தால் அந்தத் தேன் மட்டும் 0.025 காட்டியது. மற்ற இரண்டையும் ஒரு சுவிட்சில் கட்டி, மனைவியை என் முதுகுக்குப் பின்னால் மாற்றச் சொன்னேன். “பாதிக்குப் பாதி தப்பா சொல்றீங்க” என்றாள். காசைச் சுண்டிச் சொன்னாலும் அவ்வளவு வந்திருக்கும். ஆகவே சொருகும் முன் அளந்துவிடுங்கள். காதின் ஞாபகம் சில நொடிதான். பேஸில் மாற்றி, வால்வு சூடேற இருபது முப்பது நொடி காத்திருப்பதற்குள் பழைய சத்தம் மறந்துபோகும். நூலளவு வித்தியாசத்துக்கு சுவிட்ச், பெரிய வித்தியாசத்துக்கு பேஸ்.

பேஸ் வந்ததும் கூடுகிற ஆபத்து ஒன்று உண்டு. ஈயம் வைக்கும்போது அயர்ன் சூடாகும் வரை காத்திருப்போம், அதற்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர் கொஞ்சம் வடியும். பேஸில் அணைத்த கையோடு விரல் உள்ளே போகும். 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், இரண்டு வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். 350 வோல்ட் வடிந்து இரண்டு மூன்று வோல்ட்டுக்கு வர ஐம்பது நொடி ஆகும். அப்படியும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை. அந்த ரெசிஸ்டரும் ஒரு நாள் போகும்.

பிடித்த மதிப்பு கிடைத்ததும் பேஸைக் கழற்றிவிட்டு ஈயம் வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை. அக்கா மகன் ஒரு கச்சேரிக்கு அந்த ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் எடுத்துப் போனான். பள்ளத்தில் குலுங்கியதில் கப்ளிங் கெப்பாசிட்டர் கழன்றுவிட்டது. அவன் மேடையில் ஏறி முதல் தட்டு தட்டினான், சத்தம் இல்லை. “மாமா, செத்துப்போச்சு” என்று போன் வந்தது. பிரித்துக் கை வைக்காதே என்று மட்டும் சொன்னேன். வேறு ஆம்ப்ளிஃபயரில் வாசித்து முடித்தான்.

இப்போது அதில் மிச்சமிருப்பது முதல் கேத்தோடில் ஒரே ஒரு பேஸ். ஆம்ப்ளிஃபயர் அவனிடம்தான் இருக்கிறது. போன வாரம் மறுபடி போன். “மாமா, அந்த ஓட்டையில 4.7 போட்டா எப்படி இருக்கும்?”

“உன்கிட்ட மீட்டர் இருக்கா?” என்று கேட்டேன்.