சிறு கமராவும் துணைவில்லையும்
காட்டுயிர்ப் படப்பிடிப்புக்கு ஒரு பாடம்

சவளக்கடைச் சந்தியில் நின்று நோக்குவார்க்கு நெல்வயலே முதலிற் கண்ணிற்படும். கல்முனையிலிருந்து வருவோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்குங்கால், இருமருங்கும் நீர்ப்பரப்பையும் அதிலே தவமிருக்கும் கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலிய புள்ளினங்களையும் காண்பர். தொல்காப்பியனார் புள்ளையும் விலங்கையும் நிலத்தின் கருப்பொருள்களுள் வைத்து எண்ணினார். மருதத்திணையைக் கற்பிக்கும் எமக்கு, வகுப்பறைக்கு வெளியே அத்திணை விரிந்து கிடத்தல் பெரும்பேறாகும். ஆதலின், தமிழாசிரியர் கமராவைப்பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் வியவாதிருப்பாராக.

இத்துறையில் தமிழர்க்கு முன்னோடியும் உளர். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கியவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப்பற்றி எழுதியவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் கையாண்டது கடையில் வாங்கிய வண்ணமே அமைந்த கமரா அன்று. பல கருவிகளின் உறுப்புக்களை இணைத்து ஆக்கியது. உள்ள கருவியைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம் என்பதே அவரிடம் நாம் கற்கும் முதற்பாடம்.

துணைவில்லை என்பது யாது?

சிறு டிஜிட்டல் கமராக்களில் வில்லையைக் கழற்றி வேறொன்று பூட்ட இயலாது. அக்குறையைப் போக்கவே டெலிகன்வேட்டர் எனப்படும் துணைவில்லை தோன்றிற்று. அது கமராவின் வில்லைக்கு முன்னே பொருத்தப்படுவது. முன்புறம் குவிவில்லையும் பின்புறம் குழிவில்லையுமாக அமைந்த அதனைக் கலிலியோவின் தொலைகாட்டிக்குத் தம்பி எனலாம்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். 2002இல் வெளிவந்த நிக்கோன் கூல்பிக்ஸ் 4500 என்னும் கமராவின் மிகக்கூடிய குவியத்தூரம், 35 மில்லிமீற்றர்ப் பிலிம் கமராவின் அளவிற் கூறின், 155 மில்லிமீற்றர். அதற்கென விற்கப்பட்ட மும்மடங்குத் துணைவில்லையை இணைப்பின் 155 × 3 = 465 மில்லிமீற்றர் ஆகும். பெரிய கமராக்களில் வில்லைக்குப் பின்னே பூட்டும் இருமடங்குத் துணைவில்லை ஒளியை நாலிலொன்றாகக் குறைத்துவிடும். முன்னே பூட்டும் இதுவோ ஒளியை அவ்வாறு குறைப்பதில்லை. இஃது இதன் பெருஞ்சிறப்பு. கமராவிலுள்ள டிஜிட்டல் சூம் இதற்கு ஈடாகாது. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதன்றிப் புதிதாக எதனையும் காட்டுவதன்று.

குறைகளும் உள. சூமை முற்றாக நீட்டாதவிடத்துப் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டு, துளைவழியே பார்த்தாற்போலத் தோன்றும். தரங்குறைந்த கண்ணாடியாயின் கொக்கின் வெண்சிறகைச் சுற்றி ஊதாநிற விளிம்பு படரும். கமராவின் மின்னொளி துணைவில்லையில் மறிபடுமாதலின் அதனை அணைத்துவிடல் வேண்டும். துணைவில்லையின் பாரம் நீளும் வில்லைக் குழாயிற் பொறுத்தல் ஆகாது. அதற்கெனச் செய்த இணைப்புக்குழாயே அதனைத் தாங்கவேண்டும்.

கை நடுங்காமை

குவியத்தூரம் 465 ஆயின், கையிற் பிடித்து எடுப்போர் ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கிலும் நீண்டநேரம் ஒளியை விடலாகாது என்பது பழைய விதி. நடுக்கந் தடுக்கும் அமைப்புள்ள கமராவாயின் இதனைச் சிறிது தளர்த்தலாம். முக்காலி இல்லாத மாணவர் கவலற்க. துணிப்பையில் நெல்லையோ உமியையோ முக்காற்பங்கு நிரப்பி, வேலிக்கட்டையிலோ சைக்கிளின் இருக்கையிலோ வைத்து, அதன்மேற் கமராவை அழுத்தி நிறுத்துக. எமது மாணவர் கையாளும் முக்காலி இதுவே. பொத்தானை முதலிற் பாதி அழுத்திப் படத்தைத் தெளியச்செய்து, பறவை தலைநிமிருங்கால் மீதியை அழுத்துக.

கரிய சேற்றுநிலத்தில் வெண்கொக்கு நிற்பின், கமரா இருளைக் கண்டு மயங்கி ஒளியை மிகுத்துவிடும். சிறகின் இழைகள் வெளுத்து மறையும். அப்பொழுது ஒளித்திருத்தத்தை ஒரு படி குறைத்தல் நன்று.

வடிகட்டிகள்

பிலிம் காலத்திற் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மஞ்சள் வடிகட்டி வானத்தை இருளச்செய்து முகிலை எடுத்துக்காட்டிற்று. வண்ண டிஜிட்டற் படத்துக்கு அது வேண்டுவதில்லை. புறவூதா வடிகட்டியும் இன்று கடற்கரை உப்புக்காற்றிலிருந்து வில்லையைக் காக்கும் வெறுங்கண்ணாடியாகவே பயன்படுகின்றது. சூரியன் எதிரே நிற்குங்கால் அதனைக் கழற்றுதல் நன்று. இன்றேற் போலி ஒளிப்புள்ளிகள் படத்திற் புகும்.

முனைவாக்கி வடிகட்டி ஒன்றே இன்றும் உண்மையான பயனுடையது. அது நீரின் பளபளப்பை அடக்கும். இலையின் பச்சையைத் தெளிவாக்கும். சூரியனுக்குச் செங்கோணத்திலுள்ள வானத்தை ஆழ்ந்த நீலமாக்கும். ஆயினும் பலர் இதனை வாங்கி ஏமாறுகின்றனர். காரணம் கேண்மின். நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்விற் பார்க்கும்போதே பளபளப்பு முற்றாக அடங்கும். மூன்று மீற்றர் உயரமான பாலத்தில் நிற்போர்க்கு அவ்விடம் நான்கு மீற்றர் தூரத்திலேயே உள்ளது. நாற்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் நாரைக்கு அச்சாய்வு வேண்டின் முப்பது மீற்றர் உயரத்தில் ஏறவேண்டும்! அன்றியும் முனைவாக்கி ஒளியை மூன்றிலொன்றாகவோ நாலிலொன்றாகவோ குறைக்கும். அதனாற் படம் அசைந்து மங்கும். எனவே தாமரையிலையும் காலடி மீனும் எடுப்போர் முனைவாக்கியை அணிக. தூரத்துப் பறவையை எடுப்போர் அதனைச் சட்டைப்பையில் வைத்திருக்க.

துணைவில்லையின் உண்மைப்பயன்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியைக் கூறுவோம். சில ஆண்டுகளின் முன், சிறுபோக விதைப்புக் காலத்தில், மாணவர் மூவருடன் வயலுக்குச் சென்றிருந்தோம். வரம்பருகே கட்டாந்தரையில் ஆட்காட்டியின் முட்டைகள் நான்கு கிடந்தன. எம்மிடம் சிறு கமரா இருந்தது, துணைவில்லை இல்லை. ஆகவே இரண்டு முழத் தூரத்தில் முழந்தாளிட்டு அரைமணி நேரம் படமெடுத்தோம். தாய்ப்பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறிற்று. நண்பகல் வெயிலில் அப்பறவை தன் வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும் என்பதை அன்று நாம் அறிந்திலேம். மறுநாட் காலை சென்றோம். முட்டைகள் இல்லை. காகங்கள் வரம்பில் உலாவின. எமது காலடித்தடம் அவ்விடத்துக்கு நேரே வழிகாட்டி நின்றது. மாணவரில் இளையவன், “சேர், படம் நல்லாய் வந்ததா?” என்று கேட்டான். விடை கூற நாவெழவில்லை. அப்படத்தை இன்றும் அழியாமல் வைத்திருக்கின்றோம். எவருக்கும் அழகென்று காட்டுவதில்லை.

பதினைந்து மீற்றரில் நின்று பெறும் படத்தை, மும்மடங்குத் துணைவில்லையால் நாற்பத்தைந்து மீற்றரில் நின்று பெறலாம். படத்தைப் பெரிதாக்குவதிலும், நம்மை விலகி நிற்கச்செய்வதே அதன் சிறந்த பயன். பறவை கதறத் தொடங்கின், எத்துணை வில்லை கையிலிருப்பினும் நாம் நிற்குமிடம் தவறென்று கொள்க. யானை இறங்கிய வயலுக்கோ எவ்வில்லையோடும் செல்லற்க. அங்கே நாற்பத்தைந்து மீற்றரும் காவலாகாது.

இன்று நிக்கோன் பி900 (2015), பி1000 (2018) போன்றவை முறையே 83, 125 மடங்கு சூமுடன் வந்துவிட்டமையால் துணைவில்லையின் தேவை குறைந்துள்ளது. ஆயின் அவற்றின் விலை மாணவர்க்கு எட்டாதது. பழைய மாணவர் இல்லங்களில், கைத்தொலைபேசி வந்தபின் அலுமாரியில் உறங்கும் சிறு கமராக்கள் பல உண்டென அறிவோம். விழாக்காலத்தில் அவற்றைத் தூசு தட்டிக் கல்லூரி மாணவர்க்கு வழங்குவாராயின், அஃது இவ்விழாவுக்கு ஏற்ற நற்கொடையாகும்.

மாணவர்க்குப் பயிற்சி: ஒரு வாரம் கமராவின்றி வயலோரம் செல்க. எத்தூரத்திற் கொக்கு தலைநிமிர்கின்றது, எத்தூரத்திற் பறக்கின்றது என்பதை அடியளந்து குறிக்க. தலைநிமிரும் தூரத்துக்கு அப்பால் நின்று பின்பு கமராவை எடுக்க.