அடப்பங்கொடியைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்கு

1. நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். இளஞ்சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு, வெளிறிய ரோஜா எல்லாம் இந்த ஒரே இனத்தில் உண்டு. பூவின் படத்தைக் காட்டி என்ன பூ என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எங்கே பூத்திருந்தது?

2. அடப்பங்கொடி கடற்கரை மணலுக்கு உரியது. நீர் விளிம்பிலிருந்து கரையை நோக்கி நடங்கள். அலை நனைக்கும் மணலில் எதுவும் முளைத்திருக்காது. ஓதம் ஒதுக்கிய சிப்பியும் சருகும் கிடக்கும் வரியைத் தாண்டி, மணல் மெல்ல மேடாகும் இடத்தில் முதலில் படர்வது இந்தக் கொடிதான். உப்புக்காற்றையும் சுடுமணலையும் அது தாங்கும். கணுவுக்குக் கணு வேர் இறக்கும். மணல் மூட மூட மேலே எழுந்து படரும். காற்று அள்ளிவரும் மணல் அதன் இலைகளில் தட்டித் தங்குவதால் மேடு வளர்கிறது. பக்கத்திலேயே கூரிய முனையோடு இராவணன் மீசைப் புல்லும் நின்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

3. அடுத்து இலை. தடித்து, வழவழப்பாக, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். குறுந்தொகையின் 243ஆம் பாட்டு இதை மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. அங்கே அடும்பு என்று வருவது இந்தக் கொடிதான். அதைவிடத் துல்லியமாக எனக்குச் சொல்லத் தெரியாது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். பார்ப்பதற்கு ஒன்று போதும்.

4. ஏமாற்றுகிற செடிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் புதராக, ஆளுயரம் எழுந்து, புனல் வடிவில் இளஞ்சிவப்பாகப் பூப்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்ட செடி அது. குளத்தில் மிதந்து படர்ந்து, உள்ளீடற்ற தண்டும் நீண்ட கூரிய இலையுமாக இருப்பது வள்ளைக்கீரை. மூன்றுமே ஒரே பேரினம், பூவும் ஒரே சாயல். அதனால்தான் இடத்தையும் இலையையும் முதலில் சொன்னேன். கடற்கரை மணலிலேயே அவரைப்பூ வடிவில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் இன்னொரு கொடியும் உண்டு. அதற்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள்.

5. காலையில் போங்கள். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். விரிந்த பூவின் உள்ளே எட்டிப் பார்த்தால் தொண்டைப்பகுதி அடர்நிறமாக இருக்கும். பூ இல்லாத நாளில் காய்ந்த காயைத் தேடுங்கள். உள்ளே நான்கு விதைகள், பழுப்பு நிறத்தில் மயிர் மூடி இருக்கும். அவை உப்புநீரில் மிதக்கும், நீண்ட தூரம் போனாலும் முளைக்கும் திறன் கெடாது. வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் இந்தக் கொடி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

6. கொடியை இழுத்துப் பார்க்காதீர்கள். ஓரிடத்தில் இழுத்தால் பல கணுக்களின் வேர் சேர்ந்து பெயரும், மணல் கட்டு விடும். குறிப்பேட்டில் இலையை வரைந்துகொள்ளுங்கள், அதுவே போதும்.

7. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட இரவில் இதே மணலுக்குத்தான் ஏறும். அந்த மாதங்களில் இருட்டிய பின் டார்ச் அடித்துக்கொண்டு அங்கே நடக்க வேண்டாம். வெளிச்சம் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பும், குஞ்சுகளுக்குத் திசை தவறும்.

8. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையோரம் நெடுகச் சவுக்கு நட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சவுக்கின் நிழலிலும் சருகிலும் இந்தக் கொடி தழைக்காது. அதற்குத் திறந்த வெயில் வேண்டும். உங்கள் ஊரில் யாராவது கடற்கரையில் மரம் நடக் கூப்பிட்டால் முன்பே போய் அந்த இடத்தைப் பாருங்கள். அடப்பங்கொடி படர்ந்திருந்தால் அதை அவர்களிடம் காட்டி, குழி தோண்டுமுன் வேறு இடம் கேளுங்கள்.